மெடிக்கலா, லாட்ஜ் வைத்தியரா, கோவையா, ஜிஎச்சா? மலைல இருக்கறவங்களுக்கு ஒரு ஒப்பீடு

அந்தரங்க உறுப்புல எரிச்சல், சீழ், புண்ணு, அரிப்பு, இல்ல தாம்பத்தியத்துல "முன்ன மாதிரி முடியல"ன்னு எதுவா இருந்தாலும் நம்ம நீலகிரி மலைல ஒருத்தன் எங்க போறான்னு முடிவு பண்றது நோய் இல்ல, யாராவது பாத்துடுவாங்களோங்கற பயம்தான். குன்னூர், கோத்தகிரில எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள கால வெச்சாலே "என்னண்ணே இந்தப் பக்கம்"னு கேக்க நாலு பேரு இருப்பாங்க. அதனால எது குணமாக்கும்ங்கறதோட எது ரகசியமா நடக்கும்ங்கறதையும் சேத்தே பாக்கறேன்.

முதல்ல மெடிக்கல் ஷாப். கொஞ்ச வருஷம் கவுன்ட்டர்ல நின்னவன்ங்கறதால இது எனக்கு நல்லா தெரியும். கடைல லேடீஸ் நின்னா, வர்ற ஆம்பளைங்க ஹால்ஸ் ஒண்ண வாங்கி வாயில போட்டுக்கிட்டு ஓரமா நிப்பாங்க, கூட்டம் போனதும் "அண்ணே, ஃப்ரெண்டுக்கு ஒரு மாத்திரை கேட்டான்". கடைக்காரரும் பாக்காம, டெஸ்ட் இல்லாம மூணு நாளைக்கு சிப்ரோங்கற ஆன்டிபயாடிக் கிழிச்சுக் குடுப்பாரு. சீழ் வர்ற கொனோரியாங்கற பால்வினை நோய்க்கு அந்த மாத்திரை இப்ப பெரும்பாலும் வேலை செய்யறதே இல்ல. சிபிலிஸ்ங்கற இன்னொரு பால்வினை நோய் இன்னும் மோசம், அந்த முதல் புண்ணு வலிக்காது, சில வாரத்துல தானாவே ஆறிடும், இவன் கடைல வாங்கின ஆயின்ட்மென்ட்டாலதான் ஆறிச்சுன்னு நம்பிட்டு இருப்பான், கிருமி உள்ளேயே இருக்கும், பின்னாடி உடம்பெல்லாம் தடிப்பா வந்து நிக்கும்.

தொடை இடுக்கு அரிப்புக்கு விக்கற கலப்பு க்ரீம் தனிக் கதை. மழைல நனைஞ்ச பேன்ட்டோட நாள் பூரா எஸ்டேட்ல நிக்கறவங்களுக்கு படை வராம என்ன செய்யும்? அந்த க்ரீம்ல நிறைய ஸ்டீராய்டு சேத்தது, ரெண்டு நாள்ல அரிப்பு அடங்கும், நிறுத்தினா ரெண்டு மடங்கா பரவும். ஆணுறுப்பு முனைல திரும்பத் திரும்ப அரிப்பும் வெள்ளையும் வந்தா க்ரீம மாத்தறத விட்டுட்டு சுகர் டெஸ்ட் எடுங்க, சுகர் இருக்கறதே இப்படித்தான் சிலருக்குத் தெரிய வருது.

அடுத்து லாட்ஜ் வைத்தியர். மாசா மாசம் இந்தத் தேதி இந்த லாட்ஜ்னு சுவத்துல நோட்டீஸ், "நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், கைப்பழக்கம்". இந்த மாதிரி விளம்பரத்துக்கு 1954லயே சட்டப்படி தடை, ஆனா நோட்டீஸ் இன்னும் இருக்கு. விந்து போனா உடம்பு போயிடும்ங்கறதுக்கு மருத்துவத்துல ஆதாரமே இல்ல, இவங்க வியாபாரம் ஓடறதே அந்தப் பயத்துல. பொடி வேலை செஞ்சா அதுக்குள்ள சில்டெனாஃபில்ங்கற விறைப்பு மருந்து கலந்திருக்கோன்னு சந்தேகப்படணும், நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை போடறவர் அத சாப்ட்டா பிரஷர் சடார்னு இறங்கி உயிருக்கே ஆபத்து. விறைப்புக் குறைவுங்கறது சுகர், ரத்தக்குழாய் அடைப்போட முன்னறிவிப்பாவும் இருக்கலாம்ங்கறத இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. முறையா படிச்ச சித்த டாக்டருங்கள இதுல சேக்கல, அவங்க ஜிஎச்லயே உக்காந்திருக்காங்க.

அடுத்து கோவை போய் தோல் டாக்டரப் பாக்கறது. காசும் லீவும் இருந்தா நல்ல வழிதான். பலருக்குத் தெரியாதது, ஸ்கின் டாக்டர் போர்டுல டிவிஎல்னு இருந்தா தோலோட பால்வினை நோயும் அவர் படிப்புதான், வெளில உக்காந்திருந்தா முகப்பருவுக்கு வந்தவன்னுதான் நினைப்பாங்க. ஆனா கூடலூர்ல இருந்து போய் வர்றதுன்னா ஒரு நாள் கூலி போச்சு, ரெண்டாவது விசிட்டுக்கு பாதிப் பேரு போறதே இல்ல.

கடைசியா எல்லாரும் ஒதுக்கற ஜிஎச். இதுக்குன்னே சுகவாழ்வு மையம்னு ஒரு பிரிவு உண்டு, எச்ஐவி டெஸ்ட்டுக்கு நம்பிக்கை மையம், ரெண்டும் ஃப்ரீ. அறிகுறிக்குத் தக்கபடி கலர் கலரா மருந்து கிட் வெச்சிருக்காங்க: சீழுக்கு க்ரே, வெள்ளைப்படுதலுக்கு பச்சை, அந்தரங்க உறுப்புல வர்ற அக்கிக் கொப்புளத்துக்கு சிகப்பு. குறை இல்லாம இல்ல, ஓபி சீட்டு போடறவர் "என்ன பிரச்சனை?"ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவாரு, "தோல் டாக்டரப் பாக்கணும்"னு சொன்னா போதும். 2017 எச்ஐவி சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கவோ ரிசல்ட்ட வெளில சொல்லவோ கூடாது. மெடிக்கல் கவுன்ட்டர்ல அப்படி எந்த ரகசியமும் நிக்காது, நாங்க கடை மூடினதும் பேசிச் சிரிச்சத எல்லாம் கேட்டிருந்தா நீங்க அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க.

ஜிஎச்ச நான் முதல்ல வைக்கறதுக்கு இன்னொரு காரணம், ஜோடியையும் கூப்பிடுவாங்க. எஸ்டேட் லைன் வீட்டு அக்காங்க வெள்ளைப்படுதலுக்கு தனியா மாத்திரை சாப்ட்டு சாப்ட்டு சலிச்சுப் போறாங்க. வெறும் பூஞ்சைன்னா புருஷனுக்கு பெரும்பாலும் மருந்து வேண்டியதில்ல, ஆனா உடலுறவுல பரவற ட்ரைக்கோமோனாஸ் கிருமின்னா ரெண்டு பேரும் சாப்பிடணும், இல்லன்னா திரும்பத் திரும்ப அவங்களுக்கேதான் வரும். பக்கத்துல சென்டர் எங்கன்னு தெரியலன்னா 1097க்கு போன் போடுங்க, காசு கிடையாது.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் நாலுல எதுன்னு யோசிக்க நேரமே இல்ல. காண்டம் கிழிஞ்சு எச்ஐவி பயம்னா தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, 28 நாள் விடாம சாப்பிடணும். ஞாயித்துக்கெழமை ராத்திரின்னாலும் நேரா ஜிஎச் கேஷுவால்ட்டிக்குப் போய் கேளுங்க.