தைத்த தமனிக்குள் ரத்தத்தை ஓட்டிப் பார்க்க: ஓப்பன்ஃபோமா, சிம்வாஸ்குலரா?

பெங்களூரு அல்சூரில் என் வாடகை வீட்டு மேசைக்கடியில் ஒரு 16 கோர் கணினி இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் பரம் பிரவேகா என்ற மீக்கணினி இருக்கும் ஊரில் இதைக் கணினி என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடமாக அது செய்யும் வேலை ஒன்றுதான். பிறவியிலேயே பெருந்தமனி ஓரிடத்தில் குறுகிப்போன குழந்தைகளுக்கு, அந்தத் துண்டை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைத்துத் தைப்பார்கள். தைத்த இடம் மறுபடி இறுகினால் அங்கே எவ்வளவு அழுத்தம் இழக்கப்படுகிறது என்று கணக்கிடுகிறேன். முதல் வருடம் எந்தப் பாய்மத்தின் ஓட்டத்தையும் கணக்கிடும் பொது மென்பொருளான ஓப்பன்ஃபோமில் ஓட்டினேன். இப்போது ரத்த ஓட்டத்துக்கென்றே செய்த சிம்வாஸ்குலர். திரும்பிப் போகும் எண்ணமில்லை.

விலையைப் பேச ஒன்றுமில்லை. இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த மூலநிரல். இதே வேலை செய்யும் வணிக மென்பொருளான ஆன்சிஸ் ஃபுளூயன்ட்டின் உரிமக் கட்டணத்தைக் கேட்ட அன்றே அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஸ்கேன் படத்திலிருந்து குழாயின் வடிவத்தை எடுக்க ஓப்பன்ஃபோமுக்கு வேறொரு மென்பொருள் துணை வேண்டும். சிம்வாஸ்குலரில் வடிவம், அதைச் சிறு துண்டுகளாக்கும் வலை, கணக்கு எல்லாம் ஒரே கூரையின்கீழ். இது வசதி, அவ்வளவே. இதற்காக நான் மாறவில்லை.

மாறியது வெளிவாய்களுக்காக. என் மாதிரியில் ரத்தம் வெளியேற நான்கு வாய்கள்: தலைக்கும் கைகளுக்கும் பிரியும் மூன்று கிளைகள், கீழே இறங்கும் பெருந்தமனி. அதற்கப்பால் உள்ள உடம்பு கணினியில் இல்லை. ஆனால் உண்மையான தடை அங்கேதான், கண்ணுக்குத் தெரியாத நுண்தமனிகளில் இருக்கிறது. நான்கு வாயிலும் அழுத்தம் பூஜ்யம் என்று எழுதிவிட்டால், எந்தக் கிளையை எந்த நீளத்தில் வெட்டினோமோ அதைப் பொறுத்து ரத்தம் பிரியும். பிரிவு தப்பினால் விடையே தப்பு. குறுகலில் விழும் அழுத்தத்தைத் தோராயமாக வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கிக் காண்பார்கள். நொடிக்கு 2 மீட்டர் என்றால் 16 மி.மீ. பாதரசம், 2.5 மீட்டர் என்றால் 25. மறுபடி கைவைக்க வேண்டுமா என்று மருத்துவர்கள் யோசிக்கும் எல்லை 20. ஆக ஓட்டத்தில் கால்பங்கு பிழை, குழந்தையைக் கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடும்.

இதற்கு மருந்து, அப்பாலுள்ள உடம்பின் தடையையும் நெகிழ்வையும் சில எண்களாகச் சுருக்கும், 1899ல் உடலியலாளர் ஓட்டோ ஃபிராங்க் வகுத்த விண்ட்கெசல் கணக்கு. துடித்துத் துடித்து வரும் நீரைச் சீராக்கும் பழைய தீயணைப்பு வண்டியின் காற்றறைதான் இதற்கு உவமை. இன்று வழக்கில் உள்ள வடிவத்தில் ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு தடைகள், ஒரு நெகிழ்வு. சிம்வாஸ்குலரில் மூன்று எண்களை எழுதினால் முடிந்தது. ஓப்பன்ஃபோமில் அதை நானே சி++ நிரலாக எழுதினேன். முந்தைய கணத்தின் ஓட்டத்தை வைத்து அடுத்த கணத்தின் அழுத்தத்தைக் கணித்ததால், தடை பெரிதானபோதெல்லாம் எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகி விடை வெடித்துச் சிதறியது. இதயம் சுருங்கி முடிந்து ரத்தம் சற்றே பின்வாங்கும் தருணத்தில் இன்னொரு முறை சிதறியது. அதை அடக்கும் ஏற்பாடு சிம்வாஸ்குலரில் உள்ளேயே இருக்கிறது. எல்லாம் சரிசெய்து ஆறு மாதம் நிம்மதியாக ஓட்டினேன். பிறகு புதிய பதிப்புக்கு மாறினேன். என் நிரல் தொகுக்கவே மறுத்தது. ஓப்பன்ஃபோமிலேயே தனித்தனிக் குழுக்கள் வெளியிடும் இரண்டு பதிப்புகள் வேறு; ஒன்றுக்கு எழுதியது மற்றதில் அப்படியே ஓடும் என்று நம்ப முடியாது. ரத்தத்தைப் படிக்க வந்தவன் நிரலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிம்வாஸ்குலரிலும் குழி உண்டு. அது சென்டிமீட்டர், கிராம் கணக்கில் ஓடும், அழுத்தத்தை அந்த அலகுக்கு மாற்ற 1 மி.மீ. பாதரசத்துக்கு 1333 என்று பெருக்க மறந்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். ஓப்பன்ஃபோம் மட்டும் யோக்கியமா? அங்கே அழுத்தம் அடர்த்தியால் வகுக்கப்பட்டே வரும்.

சுவர் விறைப்பானது என்று வைத்துத்தான் இதையெல்லாம் ஓட்டினேன். நெகிழும் சுவரோடு முயன்றது இரண்டே முறை. அதில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது. ரத்தத்தின் பிசுபிசுப்பைக் கணிக்கும் கேசன், கேரோ போன்ற மாதிரிகளை ஒரே வரியில் மாற்றிப் பார்ப்பதற்கு ஓப்பன்ஃபோம் சுகம்தான், பெருந்தமனியில் அதனால் பெரிய வித்தியாசம் வராவிட்டாலும். வேலை தேடும் தம்பிகள் கேட்டால் ஓப்பன்ஃபோமையே படிக்கச் சொல்கிறேன். இந்த ஊரில் கார், விசையாழி செய்கிறவர்களிடம் சிம்வாஸ்குலர் தெரியும் என்று சொல்லி என்ன கிடைக்கும்?