தண்ணீரில் இருந்து தொடங்கச் சொல்லும் வகுப்பு: நல்லூர் வடிவமைப்பு வழிகாட்டல் பற்றி

யாழ்ப்பாணத்தில் ஓட்டோகாட், ஸ்கெச்சப் போன்ற கணினி வரைதல் மென்பொருள்களைச் சொல்லித்தர ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். எதை வரைவது, ஏன் அதை வரைவது என்று யோசிக்கப் பழக்குகிற இடம்தான் அரிது. அதனால் நல்லூர்க் கோவிலுக்குப் பின்பக்கம், ஒரு வீட்டு மேல்மாடியில் ஓய்வுபெற்ற கட்டடக்கலைஞர் ஒருவர் நடத்தும் வார இறுதி வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெயர்ப்பலகை கிடையாது. ஒருவர் சொல்லி ஒருவர் அறிந்துதான் வருகிறார்கள்.

நான் போனது இறுதி வருட வடிவமைப்பு வேலைக்காக. நான் படிக்கும் பாடநெறி பிரித்தானியப் பாடத்திட்டம். தந்த தளமும் அங்கேதான்: தேம்ஸ் ஆற்றங்கரையில் பாவனை இல்லாமல் கிடக்கும் ஓர் உலர் டொக். கப்பலை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்து அடிப்பாகத்தைத் திருத்துகிற இடம். அதற்கு ஒரு புதிய பயனை நாமே தெரிவு செய்து, ஏன் அந்தப் பயன் என்று நிறுவி, பிறகு வடிவமைக்க வேண்டும். பாதிப் புள்ளி அந்தத் தெரிவுக்குத்தான். கஃபே, கலைக்கூடம், அருங்காட்சியகம் என்று எல்லோருடைய கையும் முதலில் போகிற இடம் ஒன்றுதான்.

வகுப்பு நடத்தும் சேர் முதல் நாளில் கட்டடம் வரையவே விடவில்லை. "பிள்ளை, கட்டடத்தை விடும். அங்க தண்ணி எவ்வளவு ஏறி இறங்கும் எண்டு முதல் சொல்லும் பாப்பம்" என்றார். நான் குருநகரில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் இறங்குதுறையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. லண்டன் பாலத்தடியில் பெரும்பெருக்குக் காலத்தில் அது ஏழு மீற்றர் அளவுக்குப் போகும், அதாவது இரண்டு மாடி உயரம். குருநகர்க் கரையையும் தேம்ஸ் கரையையும் ஒரே அளவுத்திட்டத்தில் வெட்டுமுகமாக, அதாவது குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிவதுபோல, பக்கத்தில் பக்கத்தில் வரையவைத்தார். தண்ணீரைப் பார்த்தபடி தேநீர் குடிக்கும் கஃபே என்ற யோசனை பலருக்கு அந்தத் தாளிலேயே கைவிட்டுப் போனது. வற்று நேரத்தில் வாடிக்கையாளர் பார்க்கப் போவது சேறு பிடித்த சுவரைத்தான். கதவைத் திறந்தபடி விட்டால் ஆறு கொண்டுவரும் சேறு டொக்குக்குள்ளேயே படியும். ஆகவே கதவு திறந்திருக்கப் போகிறதா, மூடியிருக்கப் போகிறதா என்பதைத் தீர்மானிக்காமல் பயனைப் பற்றிப் பேசவே முடியாது. இதை எங்கள் விரிவுரைகளில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அடுத்ததாக அவர் செய்து காட்டியது இன்னும் மனதில் நிற்கிறது. ஒரு பிளாஸ்ரிக் பேசினில் மணல். அதற்குள் வெறும் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றை விளிம்பு வரை புதைத்தார். பிறகு பெட்டிக்குள் ஒரு சொட்டும் விழாமல் மணலுக்குள் தண்ணீர் ஊற்றினார். மணல் ஊறியதும் பெட்டி மெல்ல அசைந்து மேலே கிளம்பியது. பெட்டிக்குள் தண்ணீர் விட்டதும் திரும்ப அடங்கியது. வெறுமையாக வைத்திருக்கும் உலர் டொக்கை நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளுகிறது, பக்கச் சுவர்களையும் உள்ளே அழுத்துகிறது என்பதை இப்படிக் கண்ணால் பார்த்த பிறகு மறக்கவே முடியாது. டொக்கை வெறுமையாக வைக்கும் பயன் என்றால் தளத்தைப் பாரத்தாலோ நங்கூரக் கம்பிகளாலோ பிடித்து வைக்க வேண்டும். அதற்குச் செலவு இருக்கிறது. அந்தச் செலவைத் தாங்கும் பயனா நீ சொல்வது என்பது அடுத்த கேள்வி.

உதாரணங்களை அவர் எடுத்துக்கொள்ளும் விதமும் எனக்குப் பிடித்தது. படம் காட்டி வியக்க வைப்பதில்லை, ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன கிடைத்தது என்று பிரித்துப் பார்க்கிறார். லிவர்பூலின் அல்பேர்ட் டொக் (இது உலர் டொக் அல்ல, கப்பல்கள் மிதந்தபடி சரக்கு ஏற்றி இறக்கும் டொக்) 1846இல் திறந்தது, 1972இல் மூடியது, 1988இல் ரேற் கலைக்கூடத்தோடும் கடைகளோடும் மீண்டும் திறந்தது. அங்கே சுற்றிவர இருந்த பண்டகசாலைகள் இரும்பாலும் செங்கல்லாலும் கட்டியவை, தீப்பிடிக்காமல் இருக்க மரத்தைத் தவிர்த்தவை. அந்தக் கட்டடங்கள் நின்றபடியால்தான் கலைக்கூடம் பொருந்தியது. எங்கள் தளத்தில் பண்டகசாலையே இல்லை. லண்டன் சென்ற் கத்தரீன் டொக் 1828இல் திறந்து 1968இல் மூடியது. இப்போது உல்லாசப் படகுகள் நிற்கின்றன. பணம் வந்தது, டொக்கில் உழைத்தவர்களின் வேலை திரும்பி வரவில்லை. லண்டனின் சறே டொக்குகளில் பெரும்பாலானவற்றை மண் போட்டு நிரப்பியே விட்டார்கள்.

எல்லாவற்றிலும் கூடுதல் நேரம் எடுத்தது டென்மார்க்கின் ஹெல்சிங்கோர். 2013இல் திறந்த கடல்சார் அருங்காட்சியகம் அது. பக்கத்தில் குரோன்போர்க் கோட்டை நிற்பதால் நிலத்துக்கு மேலே எதுவும் எழும்பி அதை மறைக்கக் கூடாது. வடிவமைத்தவர்கள் காட்சிக்கூடங்களைப் பழைய உலர் டொக்கின் சுவருக்கு வெளியே, நிலத்துக்கு அடியில் வைத்து, டொக்கை அப்படியே வெறுமையாக விட்டார்கள். குறுக்கே பாலங்கள் மட்டும் போகின்றன. யாழ்ப்பாணத்தின் பண்ணைப் பகுதியில் கோட்டைக்குப் பக்கத்தில் என்ன கட்டலாம் என்று எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் எங்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

உள்ளூரில் இருந்து அவர் எடுத்தது கடற்கோட்டை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் நிற்கும் அது முன்பு சிறையாக இருந்தது, இப்போது கடற்படை நடத்தும் விடுதி. சிறைக்கும் விடுதிக்கும் அந்த இடம் பொருந்தியதற்குக் காரணம் ஒன்றே, சுற்றிவரத் தண்ணீர். இதில் இருந்துதான் வகுப்பின் முக்கியமான கேள்வி வந்தது: "நீர் சொல்லுற பயனைத் தூக்கி டொக் இல்லாத ஒரு வெறுங்காணியில வைச்சால் என்ன குறையும்?" ஒன்றும் குறையாது என்றால் அந்தப் பயனை விட்டுவிட வேண்டும். நூலகம் விழுந்தது, உடற்பயிற்சி நிலையம் விழுந்தது, ஒரு தம்பி ஆசையோடு கொண்டுவந்த சந்தையும் விழுந்தது.

நான் கடைசியில் தெரிவு செய்தது படகு திருத்தும் பயிற்சிக்கூடம். தேம்ஸிலும் கால்வாய்களிலும் படகிலேயே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரும்புப் படகுகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை தண்ணீரை விட்டு எடுத்து அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். உலர் டொக் என்றால் படகை மிதந்தபடியே உள்ளே விட்டுத் தண்ணீரை இறைத்தால் போதும், வெறுங்காணியில் அது முடியாது. பெரிய கப்பலுக்குக் கட்டிய டொக் சிறிய படகுகள் பலவற்றை ஒரே நேரத்தில் ஏற்கும். கப்பலை முண்டுகொடுத்து நிறுத்தக் கட்டிய பக்கப் படிக்கட்டுகள், வேலையைப் பார்த்துப் பழகும் பிள்ளைகளுக்கு இருக்கையாகும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் வரை போன மண் இது. படகு வேலை படிப்பிக்கும் இடம் என்றதும் வகுப்பில் எல்லோருக்கும் உடனே விளங்கியது. சேர் மட்டும் இலேசில் விடவில்லை. பூச்சுக் கழிவு ஆற்றுக்குப் போகாமல் எங்கே போகும், கதவைத் திறக்கப் பெருக்கு எத்தனை மணிக்கு வரும், அந்த நேரத்தில் அங்கே வேலைக்கு யார் இருப்பார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் வடிவமைப்பில் உருப்படியாக உள்ள பாதி அந்தக் கேள்விகளில் இருந்து வந்தது.

குறைகளும் உண்டு. மேல்மாடி தகரக் கூரை, மத்தியானத்துக்குப் பிறகு வெக்கை தாங்காது. இருக்கும் ஒரு மின்விசிறியும் தாள்களைப் பறக்கவிடும். சொன்ன நேரத்துக்கு வகுப்பு முடிவதில்லை. பருத்தித்துறைப் பக்கம் இருந்து வரும் பெண்பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் பற்றிய பதற்றம் ஒவ்வொரு முறையும் இருந்தது, இதை அவரிடமும் நேரே சொன்னேன். இன்னொன்று, இவ்வளவு விளக்கம் தருகிறவர் எங்களை ஒருநாள் காலையாவது ஊர்காவற்றுறைக் கரைக்குக் கூட்டிப்போய் அளவெடுக்க வைத்திருக்கலாம். டென்மார்க்கைப் படத்தில் பார்க்கிறோம், ஊர்காவற்றுறை பஸ் ஏறினால் வந்துவிடும். அடுத்த குழுவுக்காவது இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை.

கட்டணம் ஓர் அமர்வுக்கு 3,500 ரூபா. காலையில் தொடங்கி பின்னேரம் வரை ஓடுவதால் எனக்கு அது நியாயமாகப் பட்டது. அழகான முப்பரிமாணப் படம் செய்யப் பழக நினைப்பவர்களுக்கு இது சரிவராது, கணினியே திறப்பதில்லை. பயன் தெரிவு செய்யும் கட்டத்தில் நிற்பவர்கள் கட்டாயம் போகலாம். போகும்போது தளத்தின் வெட்டுமுகத்தை ஏ1 தாளில் அச்சிட்டுக் கொண்டு போங்கள், அங்கே அச்சிட வசதியில்லை. நீர்மட்ட அட்டவணை இல்லாமல் போனால் முதல் ஒரு மணித்தியாலம் அதைத் தேடுவதிலேயே போய்விடும்.