ஒரே செல்போன்: திருட்டா, பறிப்பா, வழிப்பறியா?

நான் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் ஆபீசுக்கு, காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் ஒரு தாளோடு வந்தார். தெரிந்தவர் யாரோ எழுதிக்கொடுத்த புகார். ‘வீட்டுக்கு வரும் வழியில் என் செல்போன் தொலைந்துவிட்டது, கண்டுபிடித்துத் தரவும்’ என்று இருந்தது. ‘எங்கக்கா தொலைச்சீங்க?’ என்று கேட்டேன். ‘தொலைக்கலப்பா. காதுல வெச்சுப் பேசிக்கினே வந்தேன். வண்டில பின்னாடி குந்தியிருந்தவன் புடுங்கிக்கினு போயிட்டான்’ என்றார். இழுத்த இழுப்பில் கம்மல் சிக்கி, காது மடலில் ஒரு கீறல். போன் செகண்ட் ஹேண்டில் நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கியது.

‘தொலைந்துவிட்டது’ என்று எழுதினால் அதில் குற்றவாளியே கிடையாது. குற்றமும் கிடையாது. பொருள் கையைவிட்டுப் போனது மட்டும் சட்டத்துக்குப் போதாது, எப்படிப் போனது என்பதுதான் கேள்வி. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதை வைத்து இந்த ஒரு போனையே பல விதமாகப் பறிகொடுத்துப் பார்க்கலாம்.

முதலில் திருட்டு, பிரிவு 303. தீபாவளி நேரத்து எம்.சி. ரோடு நெரிசலில் சட்டைப் பையிலிருந்து போனை உருவுகிறான். அசையும் பொருள், இன்னொருவர் வசம் இருக்கிறது, அவர் சம்மதிக்கவில்லை, எடுப்பவனிடம் நேர்மையற்ற எண்ணம் இருக்கிறது, பொருளை நகர்த்தியும்விட்டான். இவை எல்லாம் சேர்ந்தால்தான் திருட்டு. பாதி உருவும்போதே கையைப் பிடித்துவிட்டாலும் திருட்டு முடிந்ததாகத்தான் கணக்கு, ஏனென்றால் போன் நகர்ந்துவிட்டது. டீக்கடையில் சார்ஜ் போட்டிருந்த போனைத் தன்னுடையது என்று நினைத்து ஒருவர் எடுத்துப் போனால் அது திருட்டு இல்லை. எண்ணம் அங்கே இல்லை. ரோட்டில் விழுந்து யார் வசமும் இல்லாமல் கிடக்கும் போனை எடுத்து, சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானே வைத்துக்கொண்டால் அதுவும் திருட்டில் சேராது. அதற்குக் கையாடல் என்று தனிப் பிரிவு, 314.

திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, ஆளும் முதல்முறை சிக்கியவனாக இருந்து, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. பசிக்குத் திருடிய பையனை ஜெயிலுக்கு அனுப்பாமல் இருப்பது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்தச் சிறு திருட்டை, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றங்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஐபோன் பறிகொடுத்தவருக்கு இது பொருட்டே இல்லை. நாலாயிரம் ரூபாய் போனுக்கு மாதக்கணக்கில் சீட்டுக் கட்டிய அக்காவுக்கு இதுதான் எல்லாம்.

இங்கேதான் பறிப்பு வேறாக நிற்கிறது. பிரிவு 304, புதுச் சட்டத்தில் புதிதாக வந்தது. திடீரென்றோ, வேகமாகவோ, பலத்தைக் காட்டியோ ஒருவரிடமிருந்து பொருளைப் பிடுங்குவது. திருட்டின் எல்லா அம்சங்களும் இதிலும் இருக்க வேண்டும், கூடுதலாக இந்தப் பிடுங்கல். தண்டனை இதற்கும் மூன்று ஆண்டு வரைதான், கூடவே அபராதமும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு ‘ரெண்டும் ஒண்ணுதானே’ என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. பறிப்பில் 5,000 ரூபாய்க் கணக்கே கிடையாது. போன் ஐந்நூறு ரூபாய்தான் பெறும் என்றாலும் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க வேண்டிய குற்றம் அது. ஜாமீனும் ஸ்டேஷனிலேயே கிடைக்காது.

அடுத்தது வழிப்பறி, பிரிவு 309. பேசின் பிரிட்ஜ் அருகே ரயில் மெதுவாகும்போது, படியில் நின்று பேசிக்கொண்டிருப்பவரின் கையில் கீழேயிருந்து ஒருவன் கழியால் அடிக்கிறான். போன் விழுகிறது, எடுத்துக்கொண்டு ஓடுகிறான். இது வெறும் பறிப்பு இல்லை. திருடுவதற்காகக் காயப்படுத்தினாலோ, வழிமறித்தாலோ, ‘இப்பவே குத்திடுவேன்’ என்ற பயத்தை உண்டாக்கினாலோ அது வழிப்பறி. காயம் என்றால் ரத்தம் வர வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உடலில் வலி உண்டானாலே சட்டத்தில் அது காயம்தான். தண்டனை பத்து ஆண்டு வரை. காயமே ஏற்படுத்திவிட்டால் ஆயுள் வரைகூடப் போகலாம்.

இதில் ‘அதற்காக’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. உருவிய போனோடு ஓடுபவன், துரத்துபவரைக் கல்லால் அடித்தால் வழிப்பறி, ஏனென்றால் பொருளைக் கொண்டுபோவதற்காக அடிக்கிறான். போனைக் கீழே போட்டுவிட்டு, தப்பிக்க மட்டும் அடித்தால் திருட்டு ஒன்று, அடித்தது வேறொன்று. மூன்று ஆண்டுக்கும் பத்து ஆண்டுக்கும் நடுவில் இருப்பது இவ்வளவுதான். அதனால்தான் சும்மா பிடுங்கிக்கொண்டு ஓடிய பையன்மேல் ‘கத்தியைக் காட்டி’ என்று ஒரு வரி கூடுதலாகச் சேரும்போது எனக்குக் கோபம் வருகிறது. பறிகொடுத்தவர் குறைத்து எழுதுவது எவ்வளவு தப்போ, கூட்டி எழுதுவதும் அவ்வளவு தப்பு.

மாமூல் கேட்பது வேறு கணக்கு. தள்ளுவண்டிக்காரரிடம் வந்து ‘வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள காசு வரலன்னா வண்டி இருக்காது’ என்று மிரட்டி, அவர் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தால் அது மிரட்டிப் பணம் பறித்தல், பிரிவு 308. ஏழு ஆண்டு வரை. பயம் வெள்ளிக்கிழமையைப் பற்றியது. கத்தி இப்போதே எதிரில் இருந்தால், அவரே எடுத்துக் கொடுத்திருந்தாலும் அது வழிப்பறிக்குப் போய்விடும். ‘நீங்கதானே கொடுத்தீங்க?’ என்று யாராவது கேட்டால் வாயடைத்துப் போக வேண்டாம். பயந்து கொடுப்பது சம்மதம் ஆகாது.

கூட்டுக்கொள்ளைக்குத் தலை எண்ண வேண்டும். நான்கு பேர் சேர்ந்து செய்தால் வழிப்பறி, ஐந்தாவது ஆள் கூட நின்று உதவினாலே பிரிவு 310, செஷன்ஸ் கோர்ட், ஆயுள் வரை. மற்றதற்கெல்லாம் ஏதாவது செய்திருக்க வேண்டும், இதில் தயாரிப்பே குற்றம். ‘கொள்ளையடிக்கத் திட்டமிட்டுப் பதுங்கியிருந்த ஐந்து பேர் கைது’ என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்த ஐந்து இங்கிருந்து வருவதுதான். சர்வீஸ் கடையில் கொடுத்த போனைக் கடைக்காரரே விற்றுவிட்டால் அது நம்பிக்கை மோசடி, அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

சரி, அக்காவின் காதில் இருந்த கீறலுக்கு வருவோம். அது பறிப்பை வழிப்பறி ஆக்குமா? எங்கள் வக்கீல் சார் உடனே பதில் சொல்லவில்லை. தெரிந்தே காயப்படுத்தினானா, இழுத்ததில் தற்செயலாகப் பட்டதா என்பதைப் பொறுத்தது என்றார். பிரிவு போடுவது போலீஸ் வேலை, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுவது நம் வேலை. அக்காவை முதலில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காதைக் காட்டிவரச் சொன்னோம். காயத்தைப் பதிந்து ஆஸ்பத்திரியில் தரும் ஏ.ஆர். காப்பியைப் புகாரோடு சேர்த்தோம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும், புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

புதுத் தாளில் நான் எழுதிய முதல் வரி இது: ‘நான் வலது காதில் செல்போனை வைத்துப் பேசிக்கொண்டு நடந்து வரும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த நபர் என் கையிலிருந்த போனைப் பலமாக இழுத்துப் பிடுங்கியதில் கம்மல் சிக்கி என் காது மடலில் கீறல் விழுந்து வலி ஏற்பட்டது.’ படித்துக் காட்டினேன். ‘இதத்தான்பா நானும் சொன்னேன்’ என்று கையெழுத்துப் போட்டார்.