முப்பதுக்கும் குறைவான கேம்கள்: வெக்ட்ரெக்ஸா, கோலிகோவிஷனா, அட்டாரி 5200-ஆ?

1982 டிசம்பரில் அமெரிக்காவில் வீடியோ கேம் கன்சோல் வாங்கக் கடைக்குப் போனவர் முன்னால் புதிதாக மூன்று பெட்டிகள் இருந்தன. ஆகஸ்டிலேயே வந்துவிட்ட கோலிகோவிஷன் 175 டாலர், நவம்பரில் வந்த அட்டாரி 5200 சுமார் 270 டாலர், அதே மாதம் வந்த வெக்ட்ரெக்ஸ் 199 டாலர். மூன்றுமே நீண்ட நாள் வாழவில்லை. முதலில் போனது வெக்ட்ரெக்ஸ், 1984 தொடக்கத்திலேயே. கேம்களின் கணக்கைப் பார்த்தாலும் அதுதான் கடைசி: கோலிகோவுக்கு 130-க்கு மேல், 5200-க்கு சுமார் எழுபது, வெக்ட்ரெக்ஸுக்கு முப்பதுகூட இல்லை.

ஆனால் மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வெக்ட்ரெக்ஸைத்தான் எடுப்பேன். ஏன் என்று சொல்ல அதன் திரையிலிருந்து தொடங்க வேண்டும்.

மற்ற இரண்டையும் வீட்டு டிவியில் மாட்ட வேண்டும். வெக்ட்ரெக்ஸுக்குள்ளேயே 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, நிமிர்ந்த வாக்கில். சாதாரண டிவி மேலிருந்து கீழே வரிவரியாகப் படத்தை நிரப்பும். இதில் எலக்ட்ரான் கதிர், கோலம் போடும் கை மாதிரி, கோடு எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் போய் வரும். அதனால் சாய்ந்த கோட்டில் படிக்கட்டு மாதிரி பல் தெரியாது, விண்கப்பலைத் திருப்பினால் வழுக்கிக்கொண்டு திரும்பும். இன்னொரு லாபமும் உண்டு. கோலிகோவிஷனில் 1 கேபி ரேம் (நினைவகம்) போக, படத்துக்கென்றே தனியாக 16 கேபி தேவைப்பட்டது. வெக்ட்ரெக்ஸுக்கு மொத்தமே 1 கேபி போதும், ஏனென்றால் முழுத் திரையையும் அது நினைவில் வைக்க வேண்டியதில்லை. நிறம் மட்டும் கிடையாது, அதற்குப் பதில் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு வண்ண பிளாஸ்டிக் தாள் கொடுத்து அதைத் திரைமேல் மாட்டச் சொன்னார்கள்.

அந்தத் திரைக்கென்று தேர்ந்தெடுத்த கேம்கள் என்பதால்தான் இந்தச் சின்னத் தொகுப்பு எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. கன்சோலுக்குள்ளேயே மைன் ஸ்டார்ம் இருந்தது, விண்கப்பலில் இருந்து பாறைகளைச் சுடும் அஸ்டெராய்ட்ஸ் வகைதான், ஆனால் இதில் சில கண்ணிவெடிகள் நம்மைத் துரத்தும், சில வெடிக்கும்போது நம்மை நோக்கிக் குண்டு விடும். 13-ஆம் லெவலில் நின்றுபோகிற ஒரு பிழை அதில் இருந்தது, புகார் எழுதியவர்களுக்குத் திருத்திய மைன் ஸ்டார்ம் 2 கார்ட்ரிட்ஜை (கன்சோலில் செருகும் கேம் பெட்டியை) அனுப்பினார்கள், இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அரிய கார்ட்ரிட்ஜ்களில் அதுவும் ஒன்று. அப்புறம் சினிமாட்ரானிக்ஸ் நிறுவனத்தின் வெக்டர் ஆர்கேட் கேம்கள், அதாவது காசு போட்டு ஆடும் கடை இயந்திரங்களில் இருந்தவை, வரிசையாக வந்தன: ஸ்டார் காஸில், ஆர்மர் அட்டாக், ஸ்பேஸ் வார்ஸ், ரிப்-ஆஃப். ஆர்கேடிலும் கோட்டால் வரைந்தவை இவை, வீட்டுக்கு வந்தபோதும் கோட்டாலேயே வந்தன. ஸ்டார் காஸிலில் சுழலும் மூன்று வளையங்களைச் சுட்டு ஓட்டை போட வேண்டும், ஓட்டை நேராக வருகிற நொடியில் உள்ளே இருக்கும் பீரங்கியும் அதே வழியாக நம்மைச் சுடும், அந்த ஒரு நொடிதான் முழு கேமும். ரிப்-ஆஃப் இன்னும் எளிது. நடுவில் இருக்கும் எரிபொருள் டப்பாக்களைத் திருட வண்டிகள் வரும், இரண்டு பேர் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். நாம் எத்தனை முறை செத்தாலும் பரவாயில்லை, டப்பா தீர்ந்தால்தான் ஆட்டம் முடியும். காஸ்மிக் கேஸம் எதிர்த் திசையில் போனது, முதலில் வெக்ட்ரெக்ஸுக்கு எழுதி, பிறகு 1983-இல் ஆர்கேடுக்குப் போனது. அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து ஆர்கேடுக்குப் போன கேம்கள் மிகவும் அரிது.

எல்லாம் நன்று என்று சொல்ல மாட்டேன். போல் பொசிஷன் கோட்டுத் திரைக்கு ஏற்றதே இல்லை, பாதை வெறிச்சென்று கிடக்கிறது. பேக்-மேன் மாதிரியான கிளீன் ஸ்வீப் பரவாயில்லை: தூசி உறிஞ்சும் இயந்திரம் டாலர் நோட்டுகளை விழுங்கும், பை நிறைந்ததும் நடுவில் போய்க் கொட்ட வேண்டும்.

சரி, கோலிகோவிஷன். உங்களுக்கு வேண்டியது ஆர்கேடில் பார்த்த அதே படம் டிவியில் என்றால் அந்த வருடம் இதை மிஞ்ச ஆளில்லை. பெட்டியோடு டாங்கி காங் வந்தது, ஒரு கட்டம் குறைவாக இருந்தாலும் அட்டாரியின் முந்தைய கன்சோலான 2600-இல் வந்ததோடு ஒப்பிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். லேடி பக், வென்ச்சர், மிஸ்டர் டூ எல்லாம் இன்றும் உட்கார்ந்து ஆடத் தகுந்தவை. ஸ்டீயரிங்கும் பெடலும் தனியாக வாங்கினால் டர்போ ஆடலாம், இன்னொரு இணைப்பு வாங்கினால் 2600 கார்ட்ரிட்ஜ்களையே போட்டு ஆடலாம். குறை, திரையை வழுக்கி நகர்த்தும் வசதி அதன் படச் சில்லில் இல்லை, ஸாக்ஸனில் தரை குதித்துக் குதித்து வருவது அதனால்தான். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தலைப்புத் திரை 12 நொடி நிற்கும், அதுவும் பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் எண்ணிக்கை, வகை, படம் மூன்றிலும் இதற்குத்தான் முதலிடம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அட்டாரி 5200-ஐ ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருப்பது ஏறக்குறைய அட்டாரி 400 கணினிதான், ஸ்பேஸ் டன்ஜியன், ரோபோட்ரான் இரண்டையும் இரட்டை ஜாய்ஸ்டிக்கில் ஆடிப் பார்த்தால் அசந்துபோவீர்கள். ஆனால் அதன் அனலாக் ஜாய்ஸ்டிக் (எவ்வளவு சாய்க்கிறோம் என்பதையும் உணர்வது) கையை எடுத்தால் தானாக நடுவுக்குத் திரும்பாது. நான்கு திசையில் சட்டென்று திரும்ப வேண்டிய பேக்-மேனை அதில் ஆடுவது தண்டனை. வெக்ட்ரெக்ஸின் குட்டி ஜாய்ஸ்டிக்கும் அனலாக்தான், அது ஒழுங்காக நடுவுக்குத் திரும்பியது. போதாததற்கு 5200-இல் முதலில் பெட்டியோடு கொடுத்தது சூப்பர் பிரேக்அவுட், 1978-இன் ஆர்கேட் கேம். கோலிகோ டாங்கி காங் கொடுத்த வருடத்தில்!

இப்போது ஆடிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று. வெக்ட்ரெக்ஸை வடிவமைத்த ஜே ஸ்மித்தின் நிறுவனம் 1990-களில் அதன் கேம்களை லாப நோக்கின்றிப் பகிர அனுமதித்துவிட்டது, பழைய கன்சோலைப் போலக் கணினியில் நடிக்கும் எமுலேட்டரில் எளிதாக ஆடலாம். அங்கே பார்த்துவிட்டு வெறும் வெள்ளைக் கோடுதானே என்று மூடிவிடாதீர்கள். உண்மையான படக்குழாயில் தோட்டா ஒரு பொறி மாதிரி மற்ற கோடுகளைவிடப் பளிச்சென்று எரியும், எமுலேட்டரில் அது சாதாரணப் புள்ளியாகிவிடுகிறது. பழைய கேம் கண்காட்சி எதற்காவது போனால், அறை இருட்டாக இருக்கும் மூலையில் ஒரு வெக்ட்ரெக்ஸ் ஓடுகிறதா என்று முதலில் தேடுங்கள், கூட ஒரு ஆளையும் அழைத்துக்கொண்டு போங்கள், ரிப்-ஆஃபை இரண்டு பேராகத்தான் ஆட வேண்டும்.