பழைய கூரையில்லாக் காருக்கு எந்த இரும்பை முதலில் போடுவது?

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ34 வீதியில் என்னுடைய பழைய யூனோஸ் ரோட்ஸ்டர் வழுக்கிக்கொண்டு போகும். ஒட்டுசுட்டானில் திரும்பிக் கிரவல் றோட்டில் இறங்கினால் கதை வேறு. பின்பார்க்கும் கண்ணாடியில் உருவங்கள் கலங்கும். கதவு பூட்டுக்குள் முனகும். முன்கண்ணாடிச் சட்டமும் டாஷ்போட்டும் ஆளுக்கொரு பக்கம் நடுங்கும். ஆட்டத்தை அடக்குகிற சொக் மாற்றினேன், மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் மாற்றினேன். நடுக்கம் குறைந்ததே தவிரப் போகவில்லை. மிச்சம் பொடியில், அதாவது காரின் தகட்டு உடலில்தான் இருக்கிறது.

மஸ்டா எம்எக்ஸ்-5 என்று வெளிநாடுகளில் அறியப்பட்ட இந்தக் கார் 1989இல் வந்தது. 1.6 லீற்றர் எஞ்சின், எடை ஏறத்தாழ 940 கிலோ, கூரை துணி. மூடியோடு இருக்கிற அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். கூரை இல்லாத காரின் நிலை அதுதான். பொடி முறுகும்போது அதுவே சொக் இல்லாத ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. எவ்வளவு நல்ல சொக் போட்டாலும் அந்த ஆட்டத்தை அது அடக்காது. மஸ்டாவே 1.8 எஞ்சினோடு வந்த 1994 மொடலில் பொடிக்குப் பலம் சேர்த்தது. சீற்றுக்குப் பின்னால் பெல்ற் தூண்கள் இரண்டையும் இணைக்கிற குறுக்குக் குழாய் அதில்தான் வந்தது.

பொடியை இறுக்குகிற இரும்பு வாங்க முன்னம் ஒரு சோதனை செய்தேன். சமதரையில் காரை நிறுத்தி, கதவின் பின் மேல்மூலை இடைவெளியில் டேப் ஒட்டி, ஐந்து ரூபாய்க் குற்றியும் மட்டையுமாக அடுக்கி இறுக்கமாகச் செருகினேன். பிறகு முன் சில்லுக்குப் பின்னால் உள்ள ஜக் இடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மெல்ல உயர்த்தினேன். சில்லு நிலத்தை விடுவதற்குள் பொடி முறுகி, இடைவெளி விரிந்து, குற்றி தளர்ந்து முழங்காலடியில் விழுந்தது. அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் இதே சோதனையைத்தான் திரும்பச் செய்கிறேன்.

எல்லோரும் முதலில் வாங்குவது எஞ்சினுக்கு மேலே பளபளக்கிற டவர் பார். முன் சொக்குகளின் மேல்நுனி பூட்டிய டவர்கள் இரண்டையும் அது இணைக்கும். நாலு நட்டைக் கழற்றினால் பூட்டிவிடலாம், விலையும் குறைவு. ஆனால் அது எந்தக் காருக்கு என்பதில்தான் விசயம் இருக்கிறது. 1983இல் வந்த கொரோலா ஏஈ86 போன்றவற்றில் முன்பக்கம் மக்பேர்சன் ஸ்ட்ரட்; சொக்கே சில்லைப் பிடிக்கிற தூணாகவும் நிற்கும். வளைவில் வருகிற பக்கவிசை டவரின் உச்சி வரை ஏறும்; இரண்டு உச்சிகளையும் கட்டிவைப்பதில் பலன் தெரியும். எம்எக்ஸ்-5இல் நாலு மூலையும் இரட்டை விஷ்போன்; மேலும் கீழுமாக இரண்டு கைகள் சில்லைப் பிடிக்கும். பக்கவிசையின் பெரும்பகுதியை விஷ்போன்கள் கீழேயே வாங்கிக்கொள்கின்றன, டவர் உச்சிக்கு வருவது பெரும்பாலும் மேல்நோக்கிய தள்ளல். நான் பூட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் கொஞ்சம் கூர்மையானதுபோல ஒரு நினைப்பு வந்தது. குற்றி அதே இடத்தில்தான் விழுந்தது. இரு நுனியிலும் ஆணியில் ஆடுகிற மாதிரிச் செய்த பார் இன்னும் மோசம். தள்ளலையும் இழுவையையும் மட்டும் தாங்கும், வளைவைத் தாங்காது.

அடுத்தது அடித்தளத்தில் போடுகிற குறுக்குச் சட்டம். இரண்டு சீற்றுக்கும் நடுவே தளம் மேடாக எழும் நடுச் சுரங்கத்தின் இரு பக்கமும் முன்னிருந்து பின்னாக ஓடுகிற நெடுஞ்சட்டங்களை எக்ஸ் வடிவில் இணைக்கும். எங்கள் வீட்டுப் படலையைப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாலு மரத்தை மட்டும் சதுரமாக அடித்தால் ஒரு மாரிக்குள் மூலை தொங்கிவிடும். மூலைவிட்டமாக ஒரு தடி வைத்து அடித்தால் நிற்கும். முறுகலுக்கு இது உண்மையாகவே வேலை செய்கிறது. ஆனால் வன்னியில் ஒரு பெரிய குறை: கார் ஏற்கெனவே நிலத்தோடு தாழ்வு, சட்டம் அதையும்விடக் கீழே தொங்கும். ட்ராக்டர் போன கிரவல் பாதையில் நடுமுதுகு உயர்ந்திருக்கும். அதில் ஒருதரம் இடித்தால் சட்டம் வளைவது மட்டுமில்லை, அது பூட்டிய இடத்துத் தகடும் கிழியும். ஏ9 பெருவீதியை விட்டு இறங்காதவர் தாராளமாகப் போடலாம்.

என் காசை நான் வைத்தது மூன்றாவதில். நெடுஞ்சட்ட உறை. இந்தக் காரின் அடியில் முன்னிருந்து பின்னாக ஓடுகிற சட்டங்கள் மெல்லிய தகட்டில் மடித்தவை; அவற்றில் ஜக் வைக்கக் கூடாது. ஒரு ரயர் கடையில் அதைத்தான் செய்தார்கள். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் இடப்பக்கச் சட்டம் மிதித்த தகரப்பேணி மாதிரிச் சப்பளிந்திருந்தது. சப்பளிந்த சட்டத்துக்கு உயரம் இல்லை, உயரம் இல்லாவிட்டால் வளைவைத் தாங்கும் பலமும் இல்லை. அதற்கு மேலே தடித்த உருக்குத் தகட்டில் ‘ப’ வடிவாக மடித்த உறையைக் கவிழ்த்து, தளத்தோடு சேர்த்துப் போல்ற் போடலாம் அல்லது வெல்டிங்கில் ஒட்டலாம். அதிகம் கீழே தொங்காது. இழந்த பலத்தைத் திருப்பித் தருவதோடு மேலதிகமாகவும் தரும்.

போல்ற்றா, வெல்டிங்கா? ஒட்டினால் பலன் கூட, ஆனால் யார் ஒட்டுகிறார் என்பதைப் பார்க்கவேண்டும். எங்கள் பக்கத்து வெல்டிங் கைகள் கெட்டிக்காரக் கைகள். கலப்பையும் ட்ராக்டர்ப் பெட்டியும் ஒட்டிப் பழகியவை. தடித்த இரும்பில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பரந்தன் பக்கத்தில் நான் கேட்ட அண்ணை காருக்குக் கீழே படுத்து, தளத்தை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நான் பெட்டி ஒட்டுற கரண்டில உதைத் தொட்டா ஓட்டை விழும். மிக் வெல்டிங் இருக்கிற இடத்துக்குக் கொண்டு போ.” வேலையை வேண்டாம் என்று சொல்லி அவர் என் காரைக் காப்பாற்றினார். மெல்லிய தகட்டுக்கு ஏற்ற மிக் வெல்டிங்கில் சின்னச் சின்னத் துண்டாக, இங்கொன்று அங்கொன்றாக ஒட்டவேண்டும். ஒரே இழுவையில் ஒட்டினால் தளம் சுருங்கி நெளியும். பற்றரி வயரைக் கழற்றி, உள்ளே கம்பளத்தையும் அதன் கீழே தளத்தில் ஒட்டிய தார்ப் படலத்தையும் எடுத்துவிடுங்கள். அடியில் ஓடுகிற பெற்றோல் குழாயையும் பிரேக் குழாயையும் பார்த்து வையுங்கள். எந்தச் சட்டத்தை இறுக்கினாலும் காரின் பாரம் நாலு சில்லிலும் சமமாக நிற்கும்போதே இறுதியாக இறுக்கவேண்டும். ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால் முறுகலையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள்.

உறை போட்ட பிறகு ஜக் உயர்ந்தபோது குற்றி தளர்ந்தது, ஆனால் விழவில்லை.

சீற்றுக்குப் பின்னால் வளைவாக நிற்கிற ரோல் பார் வேறு கணக்கு. கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பது அதன் முதல் வேலை. பின்பக்கத்தை நன்றாக இறுக்கும், கதவு வாயிலுக்கு அவ்வளவு செய்யாது. தண்ணீர்க் குழாயை வளைத்து யாராவது செய்து தருகிறேன் என்றால் தயவுசெய்து வேண்டாம். அந்த நாகப்பூச்சுக் குழாய் உயிரைத் தாங்கச் செய்ததல்ல, ஒட்டும்போது வருகிற புகையும் நஞ்சு. சரியான உருக்குக் குழாயில் செய்த பார் கிடைக்கும்வரை சேர்த்துவைக்கிறேன்.

பொடியை இறுக்க, கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பக்கவாட்டுப் பெட்டிக்குள் இரண்டு திரவம் கலந்து இறுகுகிற நுரையை ஊற்றுகிறவர்களும் உண்டு. மாரித் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழி இருக்காது, இரும்பு உள்ளிருந்து உக்கும். எங்கள் காலநிலைக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

உக்கல் என்று வந்ததால் இதையும் சொல்லவேண்டும். மேலே சொன்ன எதையும் வாங்க முன்னம் பின் சில்லுக்கு முன்னால் உள்ள பக்கவாட்டுப் பெட்டியின் கடைசிப் பகுதியை ஸ்க்ரூ ட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று வந்தால் நல்லது. ‘பொத்’ என்று வந்தால் முதலில் அதை வெட்டிப் புதுத்தகடு ஒட்டவேண்டும். உக்கிய பெட்டியில் எந்தச் சட்டமும் பிடித்து நிற்காது. துணிக்கூரையில் இருந்து தண்ணீர் இறங்குகிற குழாய்கள் சீற்றுக்குப் பின்னால் இரு பக்கமும் உண்டு. என்னுடையதில் வேப்பஞ்சருகும் செம்மண்ணும் இறுகிக் கட்டியாகிக் கிடந்தன. மெல்லிய நைலோன் கயிறு விட்டு இழுத்தபோது ஒரு சிரட்டை மண் வந்தது. ஐப்பசி பிறக்க முன்னம் மறுபக்கத்தையும் இழுக்கவேண்டும்.