படக்குழுவை வாடகைக்கு எடுத்த 11 நாட்கள்

மட்டக்களப்பு நகரில் கமரா, விளக்குகள், ஒலிப்பதிவுக் கருவிகள் ஆகியவற்றை, அவற்றை இயக்கும் ஆட்களோடு சேர்த்து ஒரே பெக்கேஜாக வாடகைக்குத் தரும் சேவை ஒன்றை, எங்கள் முதலாவது முழுநீளக் கதைப்படத்துக்காகக் கடந்த வைகாசியில் 11 நாட்கள் பயன்படுத்தினோம். கல்லடியிலும் வவுணதீவிலும் 6 நாட்கள், அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் 5 நாட்கள். கிழக்கில் படம் எடுக்க முனைகின்ற எவரும் இத்தகைய சேவையிடம் முதலில் கேட்பது, என்ன கமரா கிடைக்கும் என்பதையே. நானும் அதைத்தான் கேட்டேன். எந்த வேலைக்கு எந்த ஆள் வருவார் என்று கேட்டிருந்தால், பின்னர் பட்ட பாட்டில் பாதியாவது குறைந்திருக்கும். நான் சொல்லப்போகும் குறைகள் சில இங்குள்ள ஏனைய சேவைகளிலும் இருப்பதாக நண்பர்கள் வழியாக அறிந்திருப்பதால், பெயரைத் தவிர்த்துவிட்டு அனுபவத்தை மட்டும் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தரப்பட்ட விலைக்கூற்றில் கமராவின் வகை, லென்சுகளின் எண்ணிக்கை, விளக்குகளின் வலு, மின்பிறப்பாக்கியின் கொள்ளளவு என்பன வரிவரியாக எழுதப்பட்டிருந்தன. ஆட்களைப் பற்றி இருந்தது ஒரே வரிதான்: "ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், உதவியாளர்கள் 6." கட்டணத்தில் ஏறத்தாழப் பாதி கமராவுக்கும் லென்சுகளுக்கும் போனது. தென்னிந்தியத் திரையுலகில் படத்தொழிலை "24 கிராஃப்ட்" என்று எண்ணிச் சொல்வார்கள். எங்களைப் போன்ற சிறிய படத்துக்கு அத்தனை பிரிவுகளுக்கும் தனித்தனி ஆள் வைக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் ஆளைக் குறைக்கலாமே தவிர வேலையைக் குறைக்க முடியாது. எந்த வேலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பது தாளில் எழுதப்படாத இடத்தில், அந்த வேலை செய்யப்படாமலே போய்விடுகிறது.

முதலில் மனமாரப் பாராட்ட வேண்டியவர்களைச் சொல்லிவிடுகிறேன். மேலதிகக் கட்டணத்தில் அவர்கள் அனுப்பிய முதலாம் உதவி இயக்குநர் இல்லாவிட்டால் இந்தப் படம் 11 நாட்களில் முடிந்திருக்காது. படப்பிடிப்புக்கு 2 வாரங்களுக்கு முன்பே திரைக்கதையை வாங்கி, ஒவ்வொரு காட்சிக்கும் எந்த நடிகர், எந்த உடை, எந்தப் பொருள், எந்த வாகனம் தேவை என்று பிரித்தெழுதி, கதை ஒழுங்கை விட்டுவிட்டு இட ஒழுங்கில் நாட்களை அடுக்கித் தந்தார். மறுநாள் யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லும் கோல் ஷீட் ஒவ்வொரு நாளும் மாலை 6 மணிக்கு முன்னர் எல்லோருடைய கையிலும் இருந்தது. மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், சூரியன் ஏறக்குறைய நேராக இறங்கி மறைந்துவிடும்; படக்காரர்கள் தேடித் திரியும் அந்தப் பொன்னிற மாலை வெளிச்சம் இங்கே அரை மணித்தியாலந்தான் தங்கும். கல்லடிப் பக்கத்திலிருந்து வாவிக்கு அப்பால் சூரியன் விழும் காட்சிக்காக, பிற்பகல் 3 மணிக்கே கமராவை நிறுத்தி, நடிகர்களை 4 முறை வெறுமனே நடக்கவிட்டு ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். வெளிச்சம் வந்தபோது 5 ஷொட்களை ஓட்டமும் நடையுமாக எடுத்து முடித்தோம்.

ஒளியமைப்புக் குழுவின் தலைவரை இத்துறையில் கஃபர் என்பார்கள். எங்களுக்கு வந்தவர் 50 வயதைக் கடந்த, அதிகம் பேசாத மனிதர். அக்கரைப்பற்றில் ஒரு பழைய பலசரக்குக் கடைக்குள் எடுத்துக்கொண்டிருந்தபோது, மொனிற்றரை ஒருமுறை பார்த்துவிட்டு, "ரியூப்லைட் துடிக்குது தங்கச்சி" என்றார். எங்கள் எவருடைய கண்ணுக்கும் அது தெரியவில்லை. இலங்கையின் மின்னோட்டம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பழைய ரியூப்லைட்டுகள் செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. படமோ செக்கனுக்கு 24 சட்டகங்களாகப் பதிவாகிறது. வழக்கமான 180 பாகை ஷட்டரில் ஒவ்வொரு சட்டகமும் ஒரு செக்கனில் 48இல் ஒரு பங்கு நேரம் வெளிச்சத்தை வாங்குவதால், இரண்டும் ஒத்துப்போகாமல் திரையில் அலையாடும். ஷட்டரை 172.8 பாகைக்கு மாற்றச் சொன்னார். அப்போது அந்த நேரம் 50இல் ஒரு பங்காகி, துடிப்பு நின்றுவிட்டது. அந்தக் கடைக்காட்சி மூன்றரை நிமிடம் ஓடுகிறது. அதைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தால், கடை உரிமையாளரிடம் இன்னொரு நாள் கடையை மூடச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இருந்திருக்காது.

கமரா உதவியாளர்கள் இருவரும் தம் வேலையைச் செவ்வனே செய்தார்கள். நடிகரின் கண்ணுக்கும் லென்சுக்கும் இடையிலான தூரத்தை நாடாவால் அளந்து தரையில் அடையாளமிட்டுக் குவியம் பிடித்தவருக்கு வயது 23தான். அவரது கைப்பிழையால் கெட்டுப்போன ஷொட்கள் மொத்தம் நான்கைத் தாண்டவில்லை.

ஒலியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் நம்மவர் பலர் விலைக்கூற்றில் முதலில் வெட்டுவது இதைத்தான். "பிறகு டப்பிங் செய்துகொள்ளலாம்" என்ற சொல்லை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். தமிழ்ப் படவுலகில் நெடுங்காலமாக அதுவே வழக்கமாகவும் இருந்தது. ஆனால் எங்கள் படத்தில் பேசுகின்றவர்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையாரும் அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பமொன்றும். "மனே" என்று ஒரு தாய் இழுக்கும் இழுப்பும், "ராத்தா" என்று தங்கை கூப்பிடும் குரலும், மூன்று மாதம் கழித்து ஒலிக்கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று உதட்டசைவைப் பார்த்துப் பேசும்போது வராது. அந்த ஊர்ப் பேச்சு அந்த ஊர்க் காற்றோடு சேர்ந்து பதிவாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

அந்தக் காற்றுத்தான் பெரிய சவாலும். வைகாசியில் கச்சான் காற்றுத் தொடங்கிவிடும். திருக்கோவில் கரையில் அது தரையிலிருந்து கடலை நோக்கிச் சுழற்றி அடித்தது. பூம் மைக் பிடித்தவர் மைக்குக்கு நீள மயிருள்ள காற்றுத்தடுப்பு உறை போட்டு, அதற்கு மேலாகத் தன் உடம்பையும் மறைப்பாக வைத்துக்கொண்டு, இரண்டரை மீற்றர் நீளக் கோலைத் தலைக்கு மேலே 6 நிமிடம் அசையாமல் பிடித்தார். கையின் நடுக்கம் கோலில் ஏறினால் ஒலியில் கேட்கும். நிழல் முகத்தில் விழுந்தால் படம் கெடும். நடிகர் திரும்பும் முன் மைக் திரும்பியிருக்க வேண்டும் என்பதால் வசனமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். கல்லடியில் ஒரு வீட்டு முற்றத்தில் மரணச் செய்தி வரும் காட்சி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், சூன் பாண் முச்சக்கரவண்டி பேத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைந்துவிட்டது. நான் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர் கையை உயர்த்தி, "பொறுங்க தங்கச்சி, பாண்காரர் கிறுகிப் போகட்டும்" என்றார். பொறுத்தோம். அடுத்து எடுத்ததுதான் படத்தில் இருக்கிறது.

ஒவ்வோர் இடத்திலும் வேலை முடிந்த பின்னர் எல்லோரையும் அப்படியே நிற்கவைத்து, ஒருவரும் பேசாமல் 30 செக்கன் வெறும் அமைதியை ஒலிப்பதிவாளர் பதிந்துகொண்டார். வசனங்களுக்கு இடையே வெட்டும் இடங்களை ஒட்டுவதற்கு அந்த இடத்தின் அமைதி வேண்டும். வாவிக்கரை வீட்டின் அமைதியும் வயல்வாடியின் அமைதியும் ஒன்றல்ல. களைத்துப்போயிருந்த குழு முகம் சுளித்தாலும் அவர் ஒருநாளும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தச் சேவையில் ஒலிக்கு அவர்கள் கேட்கும் பணம் முழுவதும் தகும் என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

இனி, இந்த விமர்சனத்தை எழுதத் தூண்டிய குறைக்கு வருகிறேன். பெக்கேஜில் கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷொட்டில் இருந்த உடையும் பொருளும் அசைவும் அடுத்த ஷொட்டிலும் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கென்று தனி ஆள் இல்லை. கேட்டபோது, "கிளாப் அடிக்கிற தம்பி அதையும் எழுதுவார்" என்றார்கள். கிளாப் அடித்த அந்தத் தம்பி, அடித்த கையோடு ஓடிப்போய்க் கேபிள் பிடித்தார். ஷொட் முடிந்ததும் விளக்குத் தாங்கியைத் தூக்கினார். அவர் கொப்பியில் காட்சி எண்ணும் டேக் எண்ணும் மட்டுமே இருந்தன.

தகப்பன் காலை வேளையில் வலை பொத்துவது எங்கள் படத்தின் மையமான காட்சி. கரையிலிருந்து எடுத்த அகன்ற ஷொட்கள் 7ஆம் நாளும், கைகளை நெருங்கி எடுத்தவை 8ஆம் நாளும் பதிவாயின. கதையில் இரண்டும் ஒரே காலை. வைகாசியில் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டத்துக் கண்ணகை அம்மன் கோயில்களிலும் சடங்கு நடக்கும் காலம் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடிகர் 7ஆம் நாள் இரவு தமது ஊர்க் கோயிலுக்குப் போய், வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மறுநாள் முழுவதும் அந்தக் கையைத்தான் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். முதலாம் உதவி இயக்குநரின் கண் மணிக்கூட்டில் இருந்தது. ஒளிப்பதிவாளரின் கண் வெளிச்சத்தில் இருந்தது. என் கண் அந்த முதியவரின் முகத்தில் இருந்தது. நூலைப் பார்க்க ஒரு கண் இல்லை.

படத்தொகுப்பு மேசையில்தான் அது தெரிந்தது. 7 ஷொட்கள், மொத்தம் 41 செக்கன், 984 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகத்திலும் அசைகின்ற விரல்களுக்கும் வலை நூலுக்கும் நடுவே அந்த மஞ்சள் நூலை மட்டும் அழிக்க, 11 நாட்களுக்கு ஒரு கன்டினியூட்டி ஆளை வைத்திருந்தால் கொடுத்திருக்கக்கூடிய சம்பளத்தைவிடக் கூடுதலான தொகை போயிற்று. முன்னரே தெரிந்திருந்தால், நெருங்கிய ஷொட்களை முதலில் திட்டமிட்டிருக்கலாம். அல்லது அன்றே கண்டிருந்தால், நீளக்கைச் சேட்டொன்றைக் கொடுத்து அகன்ற ஷொட்டைத் திரும்ப எடுத்திருக்கலாம். நூலை அறுக்கச் சொல்லி நான் ஒருபோதும் கேட்டிருக்க மாட்டேன்.

எந்தக் கையால் செம்பை எடுத்தார், எந்தச் சொல்லில் எழுந்தார், சீலைத் தலைப்பு எந்தத் தோளில் கிடந்தது, வசனத்தில் எந்தச் சொல் மாறியது என்பவற்றை ஷொட்டுக்கு ஷொட் எழுதி, படமும் பிடித்து வைப்பது ஒரு முழுநேர வேலை. நமது மண்ணுக்கு இது புதிதுமல்ல. விடிய விடிய ஆடும் கூத்தில், அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, ஏட்டண்ணாவியார் கொப்பியைப் பிடித்துக்கொண்டு களரியைவிட்டு அகலாமல் நின்று, தவறும் அடியை எடுத்துக்கொடுப்பார். அவரை மத்தளமும் அடிக்கச் சொல்லி எந்த ஊரும் கேட்டதில்லை. சேவைக்காரரிடம் இதே உவமையைச் சொன்னேன். அவர் மறுக்காமல் கேட்டுக்கொண்டார். தனி ஆளாக எழுதித் தருவதற்கு இனிமேல் விலைக்கூற்றில் ஒரு வரி சேர்ப்பதாகவும் சொன்னார்.

பதிவுகளைப் பிரதியெடுத்துக் காத்தவர் நம்பகமானவர். ஒவ்வோர் இரவும் இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் பிரதியெடுத்து, பிரதிகள் மூலத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று மென்பொருளால் சரிபார்த்த பிறகே கார்டை வெறுமையாக்கினார். ஒரு டிஸ்க் அவரிடமும் மற்றது எங்களிடமும் வெவ்வேறு வீடுகளில் இருந்தன. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, மீன்கறி நன்றாக இருந்தது, வெள்ளிக்கிழமை மரக்கறி கேட்டவர்களுக்கு மறவாமல் கொடுத்தார்கள்.

ஆனால் வான் சாரதியின் விடயத்தை மன்னிக்க முடியவில்லை. அதிகாலை 4 மணிக்குக் குழுவை ஏற்றியவரே, இரவு 9 மணிக்குத் திருக்கோவிலிலிருந்து மட்டக்களப்புக்கு, 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை, அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டுமென்று ஒழுங்கு செய்திருந்தார்கள். கல்முனையை அண்மித்தபோது அவர் கண் சொருகுவதை முன்னிருக்கையில் இருந்த நான் கண்டேன். வானை நிறுத்தி, பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து, குழுவில் உரிமம் உள்ள இன்னொருவரை ஓட்டச் செய்தோம். மறுநாளிலிருந்து குழுவை அக்கரைப்பற்றிலேயே தங்கவைத்தேன்; அந்தச் செலவை நாங்களே ஏற்றோம். சாரதியும் படக்குழுவில் ஒருவரே. வேலை நேரமும் ஓய்வு நேரமும் மேலதிகக் கொடுப்பனவும் எல்லோருக்கும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் கமரா உடைந்தால் என்ன செய்வது என்பதற்கு மாத்திரம் ஒரு முழுப் பக்கம் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் அடுத்த படத்துக்கு இவர்களிடமே போவேன். கொழும்பிலிருந்து குழுவை வரவழைத்தால் தங்குமிடமும் பயணமும் சேர்ந்து செலவு மிகும். சூன் பாண் எந்த நேரத்தில் எந்த ஒழுங்கைக்கு வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அளித்த 6 லென்சுகளில் 3ஐ ஒருநாளும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. போகின்றவர்கள் அவற்றை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் கன்டினியூட்டிக்கு ஒருவரையும் இரண்டாவது சாரதி ஒருவரையும் கேளுங்கள். "உதவியாளர்கள் 6" என்ற வரியை ஆறு வரிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே வேலையையும் பெயரையும் எழுதித் தரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலுக்காகச் சென்ற வாரம் சேவையிடம் ஆட்களின் முழுப்பெயர்களைக் கேட்டேன். வந்த பட்டியலில் நால்வருக்குக் கூப்பிடும் பெயர் மட்டுமே இருந்தது. ஒருவருக்கு "ஜெனரேட்டர்" என்று மாத்திரம் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து எழுதிக்கொண்டேன். மின்பிறப்பாக்கியை 80 மீற்றர் அப்பால் இழுத்துவைத்து, அதன் இரைச்சல் மைக்குக்குக் கேட்காதவாறு மணல் மூட்டைகளால் 11 இரவும் மறைப்புக் கட்டியவர் அவர். தகப்பனின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துப் போட முடியுமா என்று கேட்டார். போட்டாயிற்று.