புகையே வராத டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் என்று காட்டி விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

பனிமேல் ஓட்டும் வண்டியான ஸ்னோமொபைலில் பழைய டூ ஸ்ட்ரோக் வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகையே வராத சுத்தமான எஞ்சின் என்று சொல்லி, ஓட்டியும் காட்டி, ஒரு கடையில் எனக்கு ஒரு வண்டியை விற்றார்கள். பனிக்காலம் முடிவதற்குள் இரண்டு பிஸ்டனும் போய்விட்டன. புகை வராததற்கும் பிஸ்டன் போனதற்கும் காரணம் ஒன்றுதான். எஞ்சினுக்குப் போகவேண்டிய ஆயிலை அவர்கள் வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார்கள்.

விற்றவர் நன்றாகப் பேசக்கூடியவர், விஷயமும் தெரிந்தவர். ஆனால் பேச்செல்லாம் கம்பெனிகளைப் பற்றித்தான். சர்வீஸ் ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கு அவர் யமஹா 2003 மாடலாக ஆர்எக்ஸ்-1 என்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்த கதையைச் சொன்னார். எஞ்சினை யாராவது திறந்திருக்கிறார்களா என்று கேட்டேன். ஸ்கி-டூ 2009 மாடல்களில் பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் இ-டெக் நேரடி இன்ஜெக்‌ஷனைப் போட்டது, ஆர்க்டிக் கேட் சுஸுகி எஞ்சினை விட்டுச் சொந்த எஞ்சினுக்கு மாறியது, போலாரிஸின் 850 பேட்ரியாட் எஞ்சின் என்று பேச்சு ஓடியது. அவர் சொன்ன தகவல்கள் சரியானவை. ஆனால் என் எதிரே நின்ற வண்டியைப் பற்றிய ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. எந்தக் கம்பெனி உசத்தி என்ற சண்டை நமக்கெல்லாம் பிடிக்கும். அந்த ஆர்வத்தைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

அப்புறம் வண்டியைக் கிளப்பினார். குழாயில் புகை இல்லை. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் சீறிக்கொண்டு பாய்ந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் அனுமதிக்கும் வண்டிகளுக்குச் சமமான சுத்தம் என்றார். இது முழுப் பொய். அங்கே சுற்றுலாப் பயணிகளின் வண்டிகளை மாடலும் ஆண்டும் பார்த்துத்தான் விடுகிறார்கள். ஒரு கிலோவாட் மணிக்கு ஹைட்ரோகார்பன் 15 கிராமுக்குள்ளும், கார்பன் மோனாக்சைடு இப்போதைய விதிப்படி 90 கிராமுக்குள்ளும் இருக்கவேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சாதாரண ஸ்னோமொபைல்களுக்கு 2006 மாடலிலிருந்து கொண்டுவந்த முதல் கட்ட வரம்பே 100 கிராமும் 275 கிராமும்தான். அதையும் ஒரு கம்பெனி விற்கும் வண்டிகளின் சராசரியாகக் காட்டினால் போதும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள். பூங்காவின் அளவுக்குள் வருபவை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள்.

புகை இல்லையென்றால் சுத்தம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் கண்ணுக்குத் தெரியும் நீலப்புகை ஆயில் எரிவதால் வருவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை சிலிண்டருக்குள் நுழையும்போது புகைபோகும் வழியும் திறந்தே இருக்கும். அதனால் பெட்ரோலில் ஒரு நல்ல பங்கு எரியாமலே வெளியே போய்விடும். அந்த வழி மூடிய பிறகு பெட்ரோலைத் தெளிப்பதுதான் நேரடி இன்ஜெக்‌ஷனின் பலமே. இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கருவி வைத்துத்தான் அளக்கவேண்டும். ஆயிலை மட்டும் குறைத்தால் புகை நின்றுவிடும். கூடவே எஞ்சினின் ஆயுளும் குறையும்.

எனக்கு நடந்தது அதுதான். முதலில் வேகமெடுக்கும்போது ஒரு கரகரப்பு. பிறகு மேட்டில் இழுவை குறைந்தது. ஒருநாள் நல்ல ஓட்டத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஆள் நடமாட்டமில்லாத பனிவெளியில், இருட்டப்போகும் நேரத்தில் வண்டி நின்றால் அது உயிர்ப் பிரச்சினை. கூட வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்ததால் வந்து சேர்ந்தேன். தனியாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. விற்றவர்கள் மேல் என் கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை.

கடையில் போய்க் கேட்டதும் பழியை என் மேல் போட்டார்கள். குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றாமல் விரட்டியிருப்பீர்கள், அதனால்தான் பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்றார்கள். வெளியே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து எஞ்சினைத் திறந்தோம். குளிரில் விரட்டிப் பிடித்துக்கொண்ட பிஸ்டனில் உரசல் பொதுவாக நான்கு மூலைகளிலும் விழும், இதில் இரண்டு பிஸ்டனிலும் புகைபோகும் பக்கம் முழுக்க உரசல் என்று அவர் தொட்டுக் காட்டினார். ஆயில் போதாமல் சூடேறிய எஞ்சினின் அடையாளம் அது. பிஸ்டன் தலையும் வெளுத்திருந்தது, பெட்ரோலும் குறைவாகப் போயிருக்கிறது. காரணமும் கிடைத்தது. ஆயில் பம்பின் கேபிளைத் தளர்த்தி, சரியான அளவைக் காட்ட பம்பில் இருக்கும் கோடுகள் ஒன்றோடொன்று சேராதபடி வைத்திருந்தார்கள். பக்கவாட்டு மூடிக்குள், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஒயரில் ஒரு சிறு பெட்டி செருகியிருந்தது. பெட்ரோல் அளவைக் குறைக்கும் கருவி அது. அந்தச் சீறல் அங்கிருந்துதான் வந்தது.

அமெரிக்கச் சந்தைக்கு வரும் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டு விவரம் அச்சிட்ட ஒட்டு நிரந்தரமாக இருக்கவேண்டும். என் வண்டியில் அது இருந்த இடத்தில் சுரண்டிய பசைத் தடம்தான் இருந்தது. அங்கே மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கெடுப்பதே சட்டப்படி குற்றம்.

இவ்வளவையும் காட்டிய பிறகு அவர்கள் சொன்ன பதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கம்பெனி எஞ்சினே அப்படித்தான், கொஞ்சம் பணம் போட்டு வேறு கம்பெனி வண்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விற்கும்போது தலையில் தூக்கி வைத்து ஆடிய அதே கம்பெனி! எஞ்சினைச் செய்தவர்கள் பம்பைச் சரியாகத்தான் வைத்து அனுப்பினார்கள். நடுவில் வந்தவர்கள் கைவைத்துக் கெடுத்ததற்கு அவர்கள் ஏன் கெட்ட பெயர் வாங்கவேண்டும்? இந்தக் கம்பெனி வண்டி நிற்காது, அந்தக் கம்பெனி வண்டி எரிந்துபோகும் என்று கேள்விப்படுகிறோமே, அவற்றில் எத்தனை இப்படிக் கைவைத்த வண்டிகளோ.

நீங்கள் பார்க்கப் போகும்போது எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடாக இருந்தால் அன்று வாங்காதீர்கள். குளிர்ந்த எஞ்சினை உங்கள் எதிரே கிளப்பச் சொல்லுங்கள். குளிரில் கிளம்பும் டூ ஸ்ட்ரோக்கில் கொஞ்சம்கூடப் புகை இல்லையென்றால் அதைப் பாராட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். மூடிகளைக் கழற்றி இன்ஜெக்டர் ஒயரில் கூடுதலாக ஏதாவது செருகியிருக்கிறதா பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்கப் பிடித்துக்கொண்டு இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே உருவாகும் அழுத்தம், அளக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம், உரசிய பிஸ்டனும் சில நேரம் நல்ல அளவு காட்டிவிடும். சைலன்சர் குழாயைக் கழற்றி, அந்த வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்ப்பதுதான் உருப்படியான சோதனை. இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

மெக்கானிக் எழுதிக்கொடுத்த அறிக்கையும் படங்களும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். இதுபோல் புகையில்லாத வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், டேங்க் டேங்காகப் பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் அளவு அசையாமல் நின்றால், பம்பின் கோடுகள் சேர்ந்திருக்கிறதா என்று யாரிடமாவது காட்டும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.